தடுப்பூசி '95 விழுக்காடு பலன் தரும்' என்றால், அடுத்து என்ன கேட்க வேண்டும்?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தடுப்பூசிச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. "புதிய ஊசி 90 விழுக்காடு பலன்" என்று ஒரு மாமா அனுப்புவார். மறுநாளே "ஊசி போட்டவர்களுக்குத்தான் தொற்று அதிகம்" என்று இன்னொருவர் எங்கிருந்தோ ஒரு படத்தை அனுப்புவார். இரண்டுக்கும் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழும். இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், இரண்டு செய்தியுமே எண்ணளவில் சரியாக இருக்கலாம். எண் சரி, அதை வைத்துச் சொல்லும் முடிவு தவறு, அவ்வளவுதான்.

அம்மா அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், பிள்ளைக்கு எந்த ஊசி தேவை என்று முடிவெடுக்க வேண்டியவர்கள், வீட்டில் "நீ படிச்சவதானே, இது உண்மையா பாரு" என்று கேட்கப்படுகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வைரஸ் ஆய்வாளராக இருக்கத் தேவையில்லை. எந்த எண் வந்தாலும் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எதைத் தடுப்பதில், யாருக்கு, யாரோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலத்துக்கு. இந்த நான்கும் இல்லாத விழுக்காட்டை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள்

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020ல் ஃபைசர்-பயோஎன்டெக் கொவிட்-19 தடுப்பூசிக்கு 95 விழுக்காடு பலன் என்றார்கள். சிங்கப்பூர் அந்த டிசம்பரில் அனுமதி கொடுத்து, டிசம்பர் 30 அன்று ஊசி போடத் தொடங்கியது. அந்த 95ஐ "100 பேர் போட்டால் 95 பேருக்கு வேலை செய்யும், 5 பேருக்குச் செய்யாது" என்று புரிந்துகொண்டவர்கள் ஏராளம். அது அப்படி வந்த எண் இல்லை.

சோதனையில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, பாதிப் பேருக்கு உப்பு நீர் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, அவரைக் கவனித்த மருத்துவருக்கும் தெரியாது. முக்கியக் கணக்கில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 18,000 பேர். இரண்டாவது ஊசிக்கு 7 நாள் கழித்து யாருக்கு அறிகுறியோடு கொவிட் வந்தது என்று எண்ணினார்கள். உப்பு நீர் பக்கம் 162 பேர், தடுப்பூசிப் பக்கம் 8 பேர். 162 வந்திருக்க வேண்டிய இடத்தில் 8தான் வந்தது, அதாவது 95 விழுக்காடு குறைந்திருக்கிறது. இதுதான் கணக்கு. எந்த ஆய்வுச் செய்தி வந்தாலும் முதல் வேலையாக இந்த இரண்டு எண்களையும் தேடுங்கள், விழுக்காட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு வாதம் அடிக்கடி வரும். "18,000 பேரில் 162 பேருக்குத்தானே வந்தது, அது 1 விழுக்காடு கூட இல்லையே, அதிலிருந்து ஊசி போட்ட பக்கத்து 8 பேரின் விழுக்காட்டையும் கழித்தால் ஊசியின் உண்மையான பலன் 0.84 விழுக்காடுதான்" என்பார்கள். கழித்தல் கணக்கு சரி. ஆனால் அந்த 162 என்பது சுமார் இரண்டே மாதத்தில், அந்த நேரத்தில் அந்த ஊர்களில் இருந்த பரவல் அளவில் வந்தது. பரவல் இரட்டிப்பானால் 0.84ம் இரட்டிப்பாகும். இன்னும் நான்கு மாதம் கூடுதலாகக் கவனித்திருந்தால் அது மேலும் ஏறியிருக்கும். ஊசி மாறவில்லை, சூழ்நிலைதான் மாறுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் இரு பக்கத்தையும் ஒப்பிடும் விழுக்காட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதற்காக 0.84 மாதிரியான எண் வீண் என்று ஆகாது. உங்கள் ஊரில் அந்த நோய் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்து "எனக்கு இப்போது இது தேவையா" என்று கேட்கும்போது அதுவும் வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் வரம்பையும் படியுங்கள்

நல்ல செய்தியாளர் விழுக்காட்டோடு, உண்மையான பலன் எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்ற ஒரு வரம்பையும் கொடுப்பார். அந்த 95க்கு வரம்பு ஏறத்தாழ 90 முதல் 98 வரை, இறுக்கமானது. அதே ஆய்வில் கடுமையான நோயைத் தனியாகப் பார்த்தார்கள். முதல் ஊசிக்குப் பிறகு மொத்தம் 10 பேருக்குத்தான் கடுமையாக வந்தது, அதில் 9 பேர் உப்பு நீர் பக்கம், ஒருவர் தடுப்பூசிப் பக்கம். கணக்குப் போட்டால் 89 விழுக்காடு. ஆனால் வரம்பு 20லிருந்து 99.7 வரை! பத்தே பேரை வைத்து அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. கடுமையான நோயைத் தடுக்கும் திறன் பிறகு லட்சக்கணக்கானவர்களிடம் கவனித்து உறுதியானது, ஆனால் 2020 டிசம்பரில் அந்த ஓர் ஆய்விலிருந்து அதைச் சொல்லியிருக்க முடியாது. வரம்பு அகலமாக இருந்தால், தலைப்பில் இருக்கும் எண்ணைப் பென்சிலால் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சோதனையின் முக்கியக் கணக்கு அறிகுறியோடு வந்த கொவிட்டைத்தான் எண்ணியது. அறிகுறியே இல்லாமல் தொற்றியவர்களையும், அடுத்தவருக்குப் பரப்பியவர்களையும் அது எண்ணவில்லை. ஆறேழு மாதம் கழித்து "ஊசி போட்டும் தொற்றுகிறதே, ஏமாற்றிவிட்டார்கள்" என்று பேசியவர்கள், அந்த ஆய்வு கொடுக்காத ஒரு வாக்குறுதியைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கிலும் தொண்டையிலும் கிருமி இறங்குவதைத் தடுப்பது ஒன்று, நுரையீரல் வரை போய் ஆளைப் படுக்கவைப்பதைத் தடுப்பது வேறு. பெரும்பாலான சுவாசத் தொற்று ஊசிகள் இரண்டாவதில்தான் நன்றாக, நீண்ட காலம் வேலை செய்கின்றன. எனவே "எதைத் தடுப்பதில்?" என்பதுதான் முதல் கேள்வி.

"போட்டவர்களுக்குத்தான் அதிகம் வந்தது"

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு வெளியிட்ட விவரம் இது: முந்தைய 28 நாளில் உள்ளூரில் தொற்றிய 1,096 பேரில் 484 பேர் முழுமையாக ஊசி போட்டவர்கள், சுமார் 30 விழுக்காட்டினர் ஒரு ஊசி மட்டும் போட்டவர்கள், போடாதவர்கள் கால்வாசிதான். வெளிநாட்டு ஊடகங்கள் "தொற்றியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள்" என்று தலைப்புப் போட்டன. அந்தத் தலைப்பு எல்லாக் குடும்பக் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது.

பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நாட்டில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் குறைந்தது ஒரு ஊசியாவது போட்டிருந்தார்கள் என்ற விவரம் தலைப்பில் இல்லை. கணக்காகப் பாருங்கள், நான் கற்பனையாக வைக்கும் எண்கள் இவை. ஒரு பேட்டையில் 1,000 பேர், 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 90 பேருக்குத் தொற்றுகிறது, போடாதவர்களில் 50 பேருக்கு. மொத்தம் 140 தொற்றில் 90 பேர் போட்டவர்கள், அதாவது 64 விழுக்காடு. பயமாக இருக்கிறதா? போட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு வந்தது, போடாதவர்களில் இரண்டில் ஒருவருக்கு வந்தது. ஊசி 80 விழுக்காடு குறைத்திருக்கிறது. 1,000 பேரும் போட்டிருந்தால், தொற்றுகிற ஒவ்வொருவரும் போட்டவராகத்தான் இருப்பார்.

ஆக, "நோயாளிகளில் எத்தனை பேர் போட்டவர்கள்" என்று யாராவது சொன்னால், "போட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர், போடாதவர்கள் மொத்தம் எத்தனை பேர்" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த ஜூலை அறிக்கையிலேயே இன்னொரு தகவலும் இருந்தது. அப்போது உயிர்வாயு தேவைப்பட்ட 7 பேரும் தீவிர சிகிச்சையில் இருந்த ஒருவரும், ஒருவர் கூட முழுமையாக ஊசி போட்டவர் இல்லை. அதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

குலுக்கல் இல்லாத ஆய்வுகளை எப்படிப் படிப்பது

ஊசி பொதுமக்களுக்கு வந்த பிறகு உப்பு நீர் ஊசி போட்டு ஒப்பிடுவது பெரும்பாலும் நியாயமாகாது. அதனால் வேறு வழியில் அளக்கிறார்கள். போட்டவர்களையும் போடாதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால் சிக்கல் வரும், ஏனென்றால் ஊசி போடத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கை கழுவுகிறவர்கள், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போகிறவர்கள். அவர்கள் நன்றாக இருப்பதற்கு ஊசி மட்டும் காரணமா?

இதைச் சமாளிக்க ஒரு கெட்டிக்கார முறை உண்டு, சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) தடுப்பூசி ஆய்வுகளில் பெரும்பாலும் இதுதான். காய்ச்சல், இருமல் என்று மருந்தகத்துக்கு வந்தவர்களை மட்டும் எடுத்து, எல்லோருக்கும் மூக்கில் பரிசோதனை செய்வார்கள். சளிக்காய்ச்சல் கிருமி இருப்பவர்கள் ஒரு பக்கம், வேறு ஏதோ கிருமியால் இருமுகிறவர்கள் மறுபக்கம். இரு பக்கமும் மருத்துவரைத் தேடி வந்தவர்கள்தான், அதனால் அந்தப் பழக்க வேறுபாடு பெருமளவு அடிபட்டுப் போகும். மறுபடி கற்பனை எண்கள்: கிருமி உறுதியான 200 பேரில் 40 பேர் ஊசி போட்டவர்கள், கிருமி இல்லாத 300 பேரில் 120 பேர் போட்டவர்கள். முதல் பக்கம் போட்டவர்கள் 40, போடாதவர்கள் 160, வகுத்தால் 0.25. இரண்டாம் பக்கம் போட்டவர்கள் 120, போடாதவர்கள் 180, வகுத்தால் 0.67. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.375, அதை 1லிருந்து கழித்தால் சுமார் 62 விழுக்காடு பலன். தொலைபேசியிலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஆய்வின் முறைகள் பகுதியில் இப்படிப் பரிசோதித்துப் பிரித்தார்களா, வயதையும் நாள்பட்ட நோய்களையும் கணக்கில் எடுத்தார்களா என்று பாருங்கள். எதுவும் செய்யாமல் வெறும் இரு குழுக்களை ஒப்பிட்டிருந்தால் சந்தேகத்தோடு படியுங்கள். மற்ற நிபுணர்களின் ஆய்வுக்கு முன்பே வெளியிட்ட முன்பதிப்பா என்பதையும் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், பணம் கொடுத்தது யார் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். நிறுவனமே பணம் கொடுத்த ஆய்வு என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம், மேலே சொன்ன ஃபைசர் ஆய்வும் அப்படித்தான். அதைத் தொடர்ந்து பணத்தொடர்பு இல்லாதவர்கள் வேறு நாடுகளில் செய்தது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

டெங்கி: "யாருக்கு?" என்று கேட்காவிட்டால் என்ன ஆகும்

நான்கு கேள்விகளில் மிக முக்கியமானது எது என்று என்னைக் கேட்டால் "யாருக்கு" என்பதைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் டெங்வாக்சியா என்ற டெங்கித் தடுப்பூசி. சிங்கப்பூரில் வசிக்கும் யாருக்கும் டெங்கி தூரத்துச் செய்தி இல்லை. 2020ல் மட்டும் 35,000க்கு மேற்பட்டோருக்கு இங்கே வந்தது.

டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து குணமானால் அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் இரண்டாவது முறை வேறு வகை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 1960களில் பேங்காக்கில் வேலை செய்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இதற்குச் சொன்ன விளக்கம்: முதல் தொற்றில் உருவான எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்கள்) புதிய வகையோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்கப் போதாது. மாறாக, கிருமி நோயெதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே எளிதாக நுழைய அவை வழி செய்துவிடும்.

இப்போது ஊசிக்கு வருவோம். ஆசியாவின் ஐந்து நாடுகளில் 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் செய்த டெங்வாக்சியா சோதனையில், 2014ல் வந்த முடிவு 56.5 விழுக்காடு. பரவாயில்லை என்று தோன்றும் எண்தான். பிரித்துப் பார்த்தால் மூன்றாம் நான்காம் வகைகளுக்கு எதிராக 75க்கு மேல், இரண்டாம் வகைக்கு எதிராக வெறும் 35. அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே மறைந்திருந்தது. ஊசிக்கு முன்பு யாருக்கு ஏற்கனவே டெங்கி வந்திருந்தது என்று சொல்லும் இரத்த மாதிரி ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. பிறகு வேறொரு பரிசோதனையால் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தபோது, ஏற்கனவே டெங்கி வந்தவர்களுக்கு ஊசி நன்றாகப் பாதுகாப்புத் தந்தது, ஒருமுறை கூட வராதவர்களுக்கோ பிற்பாடு கடுமையான டெங்கி வரும் அபாயத்தைக் கூட்டியது என்று தெரிந்தது. ஊசியே அவர்கள் உடலுக்கு முதல் தொற்றுப் போல ஆகிவிட்டது என்பதுதான் பரவலான விளக்கம். 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமான சனோஃபி இதை அறிவித்தபோது, பிலிப்பீன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்கனவே போட்டாகிவிட்டது. அந்தப் பெற்றோர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

56.5 என்ற எண் பொய் இல்லை. அது எதிரெதிரான இரண்டு கூட்டத்தின் சராசரி. சிங்கப்பூரில் 2016 அக்டோபரில் 12 முதல் 45 வயதுக்காரர்களுக்கு இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேரவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த இளையர்களில் டெங்கி ஒருமுறை கூட வராதவர்கள்தான் மிகுதி, பல ஆண்டுகளாகக் கொசுவைக் கட்டுப்படுத்தியதன் பலன் அது. ஊரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களோ சிறு வயதிலேயே டெங்கியைப் பார்த்திருக்கக்கூடும். ஒரே புளோக்கில் வசிக்கும் இரண்டு பேருக்கு ஒரே ஊசி வேறு வேறு பலனைத் தரலாம். டெங்கித் தடுப்பூசி என்று எந்தப் பெயரில் செய்தி வந்தாலும், ஏற்கனவே டெங்கி வந்தவர், வராதவர் என்று தனித்தனியாகவும், நான்கு வகைக்கும் தனித்தனியாகவும் எண் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செய்தி அரைகுறை.

ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பது வேறு

"பப்பாளி இலைச்சாறு டெங்கிக் கிருமியைக் கொல்கிறது, ஆய்வில் நிரூபணம்" என்ற செய்தி ஒவ்வொரு டெங்கிப் பருவத்திலும் சுற்றும். ஆய்வு எதில் நடந்தது என்று பாருங்கள்: தட்டில் வளர்த்த அணுக்களிலா, எலியிலா, மனிதரிலா? 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐவர்மெக்டின் என்ற மருந்து தட்டில் கொரோனாக் கிருமியை இரண்டே நாளில் பெருமளவு குறைத்ததாக எழுதினார்கள். உண்மைதான். ஆனால் தட்டில் ஊற்றிய செறிவு, வழக்கமான அளவில் மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். பிறகு மனிதர்களிடம் செய்த பெரிய குலுக்கல் சோதனைகளில் பலன் தெரியவில்லை.

எதிர்ப்பொருள் அளவும் இப்படித்தான். சிலர் தனியார் மருந்தகத்தில் இரத்தம் கொடுத்து, "எனக்கு இவ்வளவு இருக்கிறது, ஊசி வேண்டாம்" என்கிறார்கள். கிருமியோடு ஒட்டும் எதிர்ப்பொருள் எல்லாமே அதை முடக்குவதில்லை. முடக்குகிறதா என்று பார்க்க, வழக்கமான முறையில் உயிருள்ள கிருமியை வைத்து உயர் பாதுகாப்புக் கூடத்தில் பல நாள் சோதிக்க வேண்டும். சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு 2020ல், உயிருள்ள கிருமி இல்லாமலே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடக்கும் திறனை அளக்கும் சோதனையை உருவாக்கியது, உலகமே கவனித்த வேலை அது. அதே கல்லூரியில் பேராசிரியர் அன்டோனியோ பெர்டொலெட்டியின் குழு, 2003ல் சார்ஸ் வந்து குணமானவர்களிடம் 17 ஆண்டு கழித்தும் அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி அணுக்களை, அதாவது ஒரு வகை நோயெதிர்ப்பு அணுக்களை, கண்டது. எதிர்ப்பொருள் சோதனையில் இந்த டி அணுக்கள் தெரியாது. எனவே எதிர்ப்பொருள் குறைந்துவிட்டது என்ற ஒற்றை வரியிலிருந்து "ஊசி செத்துவிட்டது" என்ற முடிவுக்குப் போகாதீர்கள். இரத்தத்தில் ஓர் எண் அதிகம் இருக்கிறது என்பதால் ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

"எவ்வளவு காலத்துக்கு?"

சளிக்காய்ச்சல் ஊசிக்கு இந்தக் கேள்விதான் உயிர். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத்துக்கு எந்தக் கிருமி வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. கணிப்புப் பொருந்தினால் 40 முதல் 60 விழுக்காடு பலன், கிருமி நடுவில் உருமாறிவிட்டால் சரிந்துவிடும். அமெரிக்காவில் 2014-15 பருவத்தில் 19 விழுக்காடுதான். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்காலம் உள்ள நாடுகளில், நான்கைந்து மாதப் பருவத்தில் நடந்தவை. இங்கே குளிர்காலமே இல்லை, சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் இருக்கும், ஆண்டின் நடுப்பகுதியிலும் கடைசியிலும் ஏறும். மாதங்கள் போகப் போகப் பாதுகாப்பு குறையும் என்பதால், எப்போது போட்டோம் என்பது இங்கே கூடுதல் முக்கியம். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போடுங்கள், உடம்பு எதிர்ப்பை உருவாக்க அவ்வளவு நாள் தேவை.

சரி, நான்கையும் சேர்த்து ஒரு முறை

அப்பாவுக்கு 72 வயது, அக்கிக்கு ஊசி போடலாமா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மை வந்து போன பிறகு அந்தக் கிருமி நரம்பு முடிச்சுகளில் படுத்துக் கிடந்து, வயதானபின் எழுந்து வருவதுதான் அக்கி.

பழைய ஊசியான ஸாஸ்டாவாக்ஸ் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 51 விழுக்காடு, புதிய ஷிங்ரிக்ஸ் 50க்கு மேற்பட்டவர்களிடம் 97 விழுக்காடு என்று படிக்கிறீர்கள். எதைத் தடுப்பதில்? இரண்டிலும் அக்கி வருவதை. யாருக்கு? இங்கேதான் நிற்க வேண்டும், இரண்டிலும் ஒரே வயதுக் குழு இல்லை. 70க்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் பழையது 38, புதியது ஏறத்தாழ 90. அப்பாவுக்குப் பொருந்தும் எண்கள் இவைதான். யாரோடு ஒப்பிட்டு? இரண்டும் தனித்தனிச் சோதனைகள், ஒவ்வொன்றும் போலி ஊசியோடு ஒப்பிட்டது. இரண்டு ஊசிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததல்ல. ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அந்தக் குறை முடிவை மாற்றாது. எவ்வளவு காலத்துக்கு? பழையதன் பலன் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது, புதியதன் பலன் மெதுவாகத்தான் குறைகிறது.

ஷிங்ரிக்ஸ் இரண்டு ஊசி, நடுவில் 2 முதல் 6 மாத இடைவெளி. மேலே சொன்ன எண்கள் இரண்டையும் போட்டவர்களுக்கானவை, ஒன்றோடு நிறுத்தியவர்களுக்கு அவை பொருந்தாது. கை வலி, உடம்பு வலி, காய்ச்சல் ஓரிரு நாள் இருப்பது சகஜம், அதனால் மறுநாள் வீட்டில் விசேஷம் இல்லாத நாளாகப் பாருங்கள். அப்பா இதுவரை போட்டவை சிங்கப்பூரின் மருத்துவப் பதிவுச் செயலியான ஹெல்த்ஹப்பில் இருக்கும், இந்தியாவில் போட்டவை அதில் இல்லாமல் இருக்கலாம், அந்தச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் அவருடைய மற்ற நோய்களையும் மாத்திரைகளையும் சொல்லி, இந்த ஊசி அவருக்குப் பொருந்துமா, மானியம் எவ்வளவு என்று கேளுங்கள். போடுவதென்று முடிவானால், முதல் ஊசி போட்ட அன்றே இரண்டாவதற்கும் நாள் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.